புது எஞ்சினைப் பழக்க ‘மெதுவாக ஓட்டு’ என்ற ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் புதிய பெர்ஃபார்மன்ஸ் கார் ஒன்றைப் பற்றி எழுதும்போது அதன் குதிரைத்திறன், டார்க் (சுழற்றும் விசை), நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை வினாடியில் தொடுகிறது என்பதெல்லாம் தசமப் புள்ளி வரை வந்துவிடுகிறது. புது எஞ்சினைப் பழக்கும் ‘ரன்னிங் இன்’ காலத்தைப் பற்றி மட்டும் ஒரே வரிதான் வருகிறது: ‘முதல் 1,000 கி.மீ. மெதுவாக ஓட்டவும்.’ இந்த வரியை அப்படியே நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இதை முழுவதுமாக மறுத்து, ஷோரூம் வாசலிலிருந்தே ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே புது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது, ஓட்டுபவரின் கால் அதற்கு எப்படி உதவ வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

புது எஞ்சினின் சிலிண்டர் சுவரை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்காது. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் மெல்லிய சாய்கோடுகள் சுவர் முழுக்கத் தெரியும். சுவரைத் தீட்டும் ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டும்போது விழும் கீறல்கள் அவை. ஆழம் சில மைக்ரான்தான். அந்தப் பள்ளங்களில்தான் ஆயில் தங்குகிறது. பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மேடுகளில்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் உரசி ஓடுகிறது. மேடுகளின் கூர்நுனி மழுங்கி, ரிங்கின் விளிம்பும் அந்தச் சுவருக்கு ஏற்பத் தேய்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்திக்கொள்வதைத்தான் ரிங் படிவது என்கிறோம். படிந்துவிட்டால் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறாது.

ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் ஸ்பிரிங் விசை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விசை சிறியது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்டனின் மேல் விளிம்பைத் தாண்டி இறங்கி, முதல் ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அந்த அளவுக்கு அந்தத் தள்ளல் கூடும். காலைப் பூப்போல வைத்து வாரக்கணக்கில் ஓட்டினால் தள்ளல் போதாது. ரிங் சுவரில் அழுந்தாமல் ஆயில் படலத்தின் மேல் சறுக்கிக்கொண்டே போகும். மிஞ்சிய ஆயில் சூட்டில் வெந்து, பழுப்பு நிற வார்னிஷாகச் சுவரில் ஒட்டும். கீறல் பள்ளங்கள் அடைபடும். இதைத்தான் கிளேஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது. அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் ரிங் படிவது கடினம். ஆயில் குடிக்கும் பழக்கம் அந்த எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும்.

இதே காரணத்தைக் காட்டித்தான் இன்னொரு தரப்பு ‘முதல் 30 கி.மீ.க்குள்ளேயே முழு பவரில் ஓட்டினால்தான் ரிங் உட்காரும், கீறல் மழுங்கிய பிறகு வாய்ப்பு கிடையாது’ என்கிறது. அழுத்தம் வேண்டும் என்ற பாதி சரி. மீதியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, இன்றைய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பிளாட்டோ ஹோனிங்தான் செய்கிறார்கள். சொரசொரப்பான கல்லால் பள்ளம் இட்டு, பிறகு மிருதுவான கல்லால் மேடுகளின் நுனியை அங்கேயே சீவிவிடுகிறார்கள். முன்பு சாலையில் நடந்த தேய்மானத்தில் கணிசமான பங்கு இப்போது இயந்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. மெர்சிடீஸின் நானோஸ்லைட் போல இரும்புக் கலவையை உருக்கிச் சுவரில் தெளிக்கும் முறையிலோ, ஆயிலைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு நுண்துளைகளுடையது. இவற்றுக்கு ‘முதல் 30 கி.மீ.’ என்ற கெடு பொருந்தாது. இரண்டாவது, அந்தக் காரில் புதிதாக இருப்பது ரிங் மட்டுமல்ல. வால்வுகளைத் திறக்கும் கேம் முகடுகள், டைமிங் செயின், டர்போ பேரிங், கியர் பற்கள், எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல், கிளட்ச், பிரேக் பேட், டயர் எல்லாமே புதியவை. ரிங்குக்கு நல்லது என்று எடுத்த எடுப்பிலேயே முழு டார்க்கை இறக்கினால் மற்றவை எல்லாம் சேர்ந்து அடி வாங்கும்.

ஒவ்வொரு தயாரிப்பாளரும் கையேட்டில் தரும் வரம்பு வேறுவேறாக இருப்பதும் இதனால்தான். பிஎம்டபிள்யூவின் எம் கார்களுக்கு முதல் 2,000 கி.மீ. வரை நிமிடத்துக்கு 5,500 சுற்று, 170 கி.மீ. வேகம் என்று எல்லை உண்டு. அதன் பிறகும் 5,000 கி.மீ. வரை படிப்படியாகத்தான் கூட்டச் சொல்கிறார்கள். மெர்சிடீஸ் ஏஎம்ஜி கார்களுக்கு முதல் 1,500 கி.மீ. வரை 140 கி.மீ. வேகம், 4,500 சுற்றைத் தொட்டாலும் சில நொடி மட்டும். போர்ஷ 911-இன் அண்மைக்காலக் கையேடுகளில் முதல் 3,000 கி.மீ.க்கு 4,000 சுற்று. சுபாருவில் 1,600 கி.மீ.க்கு 4,000 சுற்று. ஃபோக்ஸ்வேகனில் முதல் 1,000 கி.மீ. வரை உச்ச சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 1,500 கி.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக. நடு எஞ்சின் கொண்ட கார்வெட் சி8-இல் முதல் 800 கி.மீ. வரை 4,000 சுற்று. ஓட்டுபவரை மட்டும் நம்பாமல் கீழ் கியர்களில் டார்க்கைச் சாஃப்ட்வேரே குறைத்து வைக்கிறது. ஆகவே எல்லாக் காருக்கும் பொதுவாக ‘1,000 கி.மீ.’ என்று எழுதுவதே பிழை. தன் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பதுதான் முதல் வேலை. மாடலும் ஆண்டும் மாறினால் எண்ணும் மாறும்.

இந்த வரம்பைப் படித்தவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. எங்கள் கணிப்பில் மற்ற எல்லாத் தவறுகளையும் விட இது அதிகக் கேடு விளைவிப்பது. அதனால் இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 4,000 சுற்றைத் தாண்டக்கூடாது என்றதும், சுற்றுமானியின் முள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிக்கொள்கிறார்கள். 50 கி.மீ. வேகத்திலேயே ஆறாம் கியர் போட்டுவிடுகிறார்கள். முள் 1,200-இல் நிற்கும். ஏற்றம் வந்தாலோ முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டியிருந்தாலோ கியரை இறக்காமல் அப்படியே மிதிக்கிறார்கள். எஞ்சின் முக்கி முனகி, உடம்பெல்லாம் அதிர இழுக்கும். சுற்று குறைவாகத்தான் இருக்கிறது, சுமையோ உச்சத்தில்.

இதில் என்ன கேடு? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை அதன் பேரிங்கில் தாங்கிப் பிடிப்பது ஆயில் படலம். அந்தப் படலம் கனமாக உருவாவது தண்டு சுழலும் வேகத்தால். சுற்று குறைந்தால் படலம் மெலியும். அதே நேரத்தில் மிதி அதிகமாக இருந்தால் பிஸ்டன் கீழ்நோக்கித் தரும் அடி பெரிதாக இருக்கும். மெலிந்த படலத்தின் மேல் பெரிய அடி. இத்தோடு போவதில்லை. நேரடி எரிபொருள் பீச்சும் டர்போ எஞ்சின்களில், 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் அதிகச் சுமை கொடுத்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. சுவரிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்றே தீப்பொறியாக வேலை செய்துவிடும். ஒரு சில முறை இப்படி நடந்தாலே பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதி உடையலாம். சாதாரண நாக்கிங்கை (பொறிக்குப் பின் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) சென்சார் கண்டுபிடித்து இக்னிஷன் டைமிங்கைத் தள்ளிவைக்கும். இதற்கு அந்த வைத்தியம் பலிக்காது, ஏனென்றால் பிளக் பொறிக்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் கியரில் 1,400 சுற்றில் முக்கால் மிதியோடு ஏறுவதை விட, மூன்றாம் கியரில் 3,000 சுற்றில் மூன்றில் ஒரு பங்கு மிதியோடு ஏறுவது புது எஞ்சினுக்குப் பல மடங்கு நல்லது. வரம்புக்குள் முள் நடுவில் உலவட்டும். 4,000 வரம்பு என்றால் 2,000-க்கும் 3,800-க்கும் இடையே அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக், டூயல் கிளட்ச் கார்களில் இந்தத் தவறைக் காரே செய்துவிடும். எரிபொருள் சிக்கனத்துக்காக எப்போதும் இருப்பதிலேயே பெரிய கியரைத் தேடிப்போவது அவற்றின் வழக்கம். ஈகோ மோடில் இது இன்னும் மோசம். ரன்னிங் இன் காலத்தில் ஈகோவைத் தவிர்த்து, மேனுவல் மோடில் ஸ்டியரிங்கிலுள்ள பேடில் மூலம் ஒரு கியர் கீழே வைத்து ஓட்டுவது நல்லது. ஸ்போர்ட் மோடில் போட்டால் கியர் சரியாக இருக்கும், ஆனால் ஆக்சிலரேட்டர் கூர்மையாகிவிடும்; கால் நிதானம் உள்ளவர்களுக்கு மட்டும் அது சரி.

இனி ஓட்டும் முறை. முதல் 100 முதல் 150 கி.மீ. வரை மிதி பாதியைத் தாண்ட வேண்டாம். எல்லா பாகத்துக்கும் ஒருமுறை சூடேறி, ஒருமுறை ஆறும் வாய்ப்பு கிடைக்கட்டும். ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பதை விட 30, 40 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு மறுபடி எடுப்பது டிஃபரன்ஷியல் பற்களுக்குப் பெரிய உதவி. அதன் பிறகு, வண்டி நடமாட்டம் குறைந்த சமதளச் சாலையில், எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 2,000 சுற்றிலிருந்து ஆரம்பித்து அரை மிதி முதல் மூன்றில் இரண்டு பங்கு மிதி வரை கொடுத்து 3,500 வரை ஏற்றுங்கள். அங்கே காலை முழுவதுமாக எடுத்துவிட்டு, பிரேக் போடாமல், அதே கியரிலேயே 2,000-க்கு இறங்கவிடுங்கள். மிதிக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு சேர்க்கிறது. காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, புது ஆயிலைச் சுவரில் மேலே இழுத்து, சூட்டையும் தேய்ந்த துகளையும் கழுவிக்கொண்டு போகிறது. இப்படி எட்டுப் பத்து முறை செய்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டலாம். ஒவ்வொரு பயணத்திலும் இதற்கு ஓர் இடம் கொடுத்தால் போதும். சாலையின் வேக வரம்பை மீற வேண்டிய அவசியமே கிடையாது. கீழ் கியரில் இவ்வளவும் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே முடியும்.

கையேட்டு வரம்பில் பாதி தூரம் கடந்ததும், 200 கி.மீ.க்கு ஒருமுறை 300, 400 சுற்று என்று மேலே போகலாம், கையேடு அனுமதித்த உச்சத்துக்குள். வரம்பு முடிந்த நாளிலேயே ரெட்லைனை (எஞ்சினின் உச்ச சுற்று எல்லையை) தொட வேண்டும் என்று துடிக்கத் தேவையில்லை. அடுத்த 500 கி.மீ.யில் சிறிது சிறிதாக அங்கே போய்ச் சேரட்டும். நின்ற நிலையிலிருந்து முழு விசையில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல், ரேஸ் டிராக், டிரெய்லர் இழுப்பது மூன்றும் ரன்னிங் இன் முடியும்வரை அறவே கூடாது.

நெடுஞ்சாலையில் ‘ஒரே ஓட்டமாகப் போய் கிலோமீட்டரை முடித்துவிடலாம்’ என்று குரூஸ் கன்ட்ரோலில் போட்டு 800 கி.மீ. ஓட்டுவதால் மீட்டர் ஏறுமே தவிர எஞ்சின் பழகாது. ஒரே சுற்றில், ஒரே சிறு சுமையில் மணிக்கணக்கில் ஓடுவது கிளேஸ் ஆவதற்கு ஏற்ற சூழ்நிலை. டொயோட்டா போன்ற சாதாரணக் கார் தயாரிப்பாளர்கள்கூட நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டாம் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். நெடுஞ்சாலையில்தான் போயாக வேண்டும் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரை மாற்றுங்கள், வேகத்தை 20 கி.மீ. கூட்டிக் குறையுங்கள். ஏற்ற இறக்கம் உள்ள, வளைவுகள் உள்ள சாதாரணச் சாலைகள்தான் இதற்குச் சிறந்தவை. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருப்பதும் அதே மாதிரி உதவாது. எஞ்சின் சூடாகும், சுமை இருக்காது.

குளிர்ந்த எஞ்சின் விஷயத்திலும் ஒரு தெளிவு தேவை. டேஷ்போர்டில் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயார் என்று எண்ணுகிறோம். அது காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் அதைவிட மெதுவாகவே சூடாகும். கூலன்ட் ஐந்து நிமிடத்தில் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஆயில் 80 டிகிரிக்கு வர இன்னும் அதே அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகும். பெரும்பாலான பெர்ஃபார்மன்ஸ் கார்களில் ஆயில் வெப்பநிலையைத் தனியாகப் பார்க்கலாம். அந்த எண் 80-ஐத் தொடும்வரை 2,500, 3,000 சுற்றுக்குள், இளம் மிதியில் ஓட்டுங்கள். ஆயில் கெட்டியாக இருக்கும்போது எஞ்சினை விரட்டினால் இன்னொரு கேடும் உண்டு: ஆயில் ஃபில்டரின் காகிதம் வழியாக அவ்வளவு ஆயில் போக முடியாமல், ஃபில்டரில் உள்ள பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். பழைய எஞ்சினில் அது ஓரளவு சுத்தமான ஆயில். புது எஞ்சினில் அதில்தான் உலோகத் துகள் மிகுதி.

அதற்காக வண்டியை நிறுத்தி வைத்து ஸ்லோவில் கால் மணி நேரம் ஓடவிடுவதும் தவறு. குளிர்ந்த எஞ்சினுக்கு அதிக பெட்ரோல் பீச்சப்படுகிறது. எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஐந்து நிமிடத் தூரத்தில் உள்ள கடைக்குப் போய் வரும் வேலைக்கு ரன்னிங் இன் காலத்தில் இந்தக் காரை எடுக்காமலிருப்பதே நல்லது. அப்படிப்பட்ட சிறு ஓட்டங்கள் தொடர்ந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். ஆயில் கூடியிருக்கிறதே என்று மகிழக்கூடாது. அது நீர்த்துப்போன ஆயில்.

டர்போ எஞ்சினை நன்றாக ஓட்டிவிட்டு வந்தால் கடைசி இரண்டு மூன்று கி.மீ. மிதியைத் தளர்த்தி ஓட்டி வந்து நிறுத்துங்கள். அது போதும்.

முதல் ஆயிலைப் பற்றி. அதை, ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி வெள்ளை ஏனத்தில் பிடித்து, வெயிலில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஆயிலுக்குள் வெள்ளிப் பவுடர் கரைத்த மாதிரி ஒரு மினுக்கம் அசையும். விரலில் தேய்த்தால் எதுவும் நெருடாது, அவ்வளவு நுண்மை. காந்தம் வைத்த போல்ட்டாக இருந்தால் அதன் நுனியில் கறுப்புப் பசை போலத் துகள் அப்பியிருக்கும். இது ரிங்கும் சுவரும் கேமும் பழகியதன் கழிவு, பயப்பட வேண்டாம். விரலில் நெருடும் சில்லு, நகம் போன்ற செதில், செம்பு நிறத்தில் பளபளக்கும் தகடு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உடனே சர்வீஸ் நிலையத்துக்குக் காட்ட வேண்டும். முதல் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புபவர்கள் அறிக்கையில் சிலிக்கான் அதிகம் என்று கண்டு தூசி உள்ளே போகிறது என அஞ்சுவது வழக்கம். புது எஞ்சினில் அது பெரும்பாலும் கேஸ்கெட் இடங்களில் தடவிய சிலிகோன் பசையிலிருந்து வருவது. இரண்டாம், மூன்றாம் ஆயிலில் தானாக இறங்கிவிடும்.

எப்போது மாற்றுவது? பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கி.மீ. ரன்னிங் இன் சர்வீஸில் எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள். லாக்கிங் டிஃபரன்ஷியல் உள்ள ஏஎம்ஜிகளில் 3,000 கி.மீ.யில் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றும்படி கையேடே சொல்கிறது. எஞ்சினுக்கு ஃபில்டர் இருக்கிறது, டிஃபரன்ஷியலுக்கு இல்லை. பற்கள் உதிர்த்த துகள் அந்த ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போடக்கூடாது. இப்படி முன்கூட்டிய சர்வீஸ் எதுவும் சொல்லாத கார்களில் எங்கள் பரிந்துரை, ரன்னிங் இன் தூரம் முடிந்ததும் கையேடு சொல்லும் அதே தர ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது. இதற்கு விலக்கு உண்டு. ஹோண்டா தன் பல கையேடுகளில், தொழிற்சாலையில் நிரப்பிய ஆயிலை உரிய சர்வீஸ் காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அங்கே கையேட்டின் சொல்லே இறுதி.

‘முதலில் மினரல் ஆயில் ஊற்றி ஓட்டினால்தான் ரிங் படியும், சிந்தடிக் அதிக வழவழப்பு’ என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. கார்வெட் 1992 முதலே தொழிற்சாலையிலிருந்து சிந்தடிக் ஆயிலோடுதான் வருகிறது. போர்ஷவும் 1990-களிலிருந்து அப்படியே. அந்த எஞ்சின்களின் ரிங்குகள் நன்றாகவே படிந்திருக்கின்றன. இந்த நம்பிக்கைக்கு வேர், கழற்றிப் பூட்டிய பழைய எஞ்சின்களில் இருக்கிறது. கேம் முகடு தள்ளும் டாப்பெட், உருளை இல்லாமல் தட்டையாக இருக்கும் எஞ்சினில் புதுக் கேம் போட்டால், ஸ்டார்ட் ஆன கணத்திலிருந்து ஸ்லோவுக்கு விடாமல் 2,000, 2,500 சுற்றில் 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும், துத்தநாகச் சேர்மம் நிறைந்த தனி ஆயில் வேண்டும். அது வேறு எஞ்சின், வேறு விதி. அதை இன்றைய புதுக் காரில் கொண்டுவந்து பொருத்தினால் கெடுதல்தான். கடையில் விற்கும் கூடுதல் ஆயில் மருந்துகளும் இப்போது வேண்டாம். ரிங் தேய வேண்டிய நேரத்தில் தேய்மானத்தைத் தடுக்கும் பொருளைச் சேர்ப்பது காரியத்தைக் கெடுக்கும்.

முதல் 2,000 கி.மீ. வரை ஆயில் சற்றுக் குறைவது இயல்பு. எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு இரண்டாம் முறையும், எஞ்சின் சூடாக இருக்க, சமதளத்தில் நிறுத்தி மட்டம் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாமல் திரையில் காட்டும் கார்களில் எஞ்சின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆரம்பத்தில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குறைந்து, பிறகு கால் லிட்டராகி, பிறகு அளவிட முடியாத அளவுக்கு இறங்கினால் ரிங் படிந்துவிட்டது என்று அர்த்தம். 5,000 கி.மீ. தாண்டியும் அதே அளவு குறைந்தால், நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை தெரிந்தால், சர்வீஸ் நிலையத்தில் ஆயில் நுகர்வு அளவீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் கசிவை அளக்கும் லீக் டவுன் சோதனையும் எந்தச் சிலிண்டர் என்று காட்டிக்கொடுக்கும். கிளேஸ் லேசாக இருந்தால், மேலே சொன்ன ஏற்றி இறக்கும் முறையை முழுச் சூட்டில் கூடுதல் மிதியோடு சில நூறு கி.மீ. செய்வதில் சில எஞ்சின்கள் திருந்துவது உண்டு. முற்றிவிட்டால் கழற்றி மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர வழியில்லை. தெளிப்புப் பூச்சு உள்ள சுவரில் அதுவும் எல்லாப் பணிமனையிலும் முடியாது.

எஞ்சினைத் தவிர மூன்று பாகங்களுக்கும் பழக்கம் தேவை. டயரின் மேற்பரப்பு புதிதாக இருக்கும்போது வழுக்கும். முதல் 300 கி.மீ.க்கு, சில தயாரிப்பாளர்கள் சொல்வதுபோல 500 கி.மீ.க்கு, வளைவில் அதை நம்பிச் சாயக்கூடாது, மழையில் இன்னும் கவனம். பிரேக் விஷயம் இதைவிட நுட்பமானது. பேடின் பொருள் டிஸ்க் முழுவதும் ஒரே சீரான மெல்லிய படலமாகப் படிந்தால்தான் பிடிப்பு வரும். முதல் 300 கி.மீ. வரை நகர ஓட்டத்தில் இளம் பிரேக். பிறகு பின்னால் யாரும் வராத சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு. முழுவதுமாக நிறுத்தக் கூடாது. சூடான பேடை நின்ற டிஸ்க்கில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் பேடின் அச்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் கோணிவிட்டது’ என்று சொல்லிப் புது டிஸ்க் மாற்றுவார்கள். கோணியிருக்காது, கறை படிந்திருக்கும். முடித்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். கிளட்ச் பெடல் உள்ள கார்களில் முதல் 500 கி.மீ. வரை அரைக் கிளட்ச்சில் ஏற்றத்தில் நிற்பதையும் சுற்றை ஏற்றிப் படாரென விடுவதையும் தவிர்த்தால் போதும்.

டெலிவரி எடுக்கும் நாளில் பார்க்க வேண்டியவையும் உண்டு. கப்பலிலும் லாரியிலும் வரும்போது ஸ்பிரிங்குகளுக்கு இடையே அடைப்புக் கட்டைகள் வைத்திருப்பார்கள். எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். டயர் காற்றை அனுப்பும்போது மிகையாக ஏற்றியிருப்பார்கள். கதவோரப் பட்டையில் உள்ள எண்ணுக்கு இறக்கியிருக்க வேண்டும். வீல் நட் டார்க் ரெஞ்சில் இறுக்கப்பட்டதா, ஆயில் மட்டம் சரியா, மின்னணுப் பெட்டி டிரான்ஸ்போர்ட் மோடிலிருந்து மாற்றப்பட்டதா என்பவற்றை உங்கள் எதிரிலேயே காட்டச் சொல்லலாம். சாவி கொடுக்கும்போது சத்தம் கேட்கவென்று குளிர்ந்த எஞ்சினை நிறுத்திய இடத்திலேயே உறுமவிடுவது ஒரு சடங்காகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் கணத்தில் பேரிங்குகளில் ஆயில் இன்னும் சூடேறவில்லை, ரிங் ஒரு கிலோமீட்டர்கூடப் பார்த்ததில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரும் இதையெல்லாம் மறப்பதில்லை. எந்தச் சுற்று எல்லையை எத்தனை முறை, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியபோது தாண்டியது என்று போர்ஷவின் கட்டுப்பாட்டுப் பெட்டி படிப்படியாகப் பதிவு செய்கிறது. உத்தரவாதக் கோரிக்கையின்போதும் பழைய காராக விற்கும்போதும் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். புதிய பெர்ஃபார்மன்ஸ் கார்களின் விவர அட்டவணையில் குதிரைத்திறனுக்கும் டார்க்குக்கும் கீழே இன்னும் நான்கு வரி சேருங்கள்: ரன்னிங் இன் தூரம், அதுவரை எஞ்சின் சுற்று வரம்பு, முதல் எஞ்சின் ஆயில் மாற்றும் தூரம், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும் தூரம். நான்கும் அந்தந்தக் காரின் கையேட்டிலோ சர்வீஸ் அட்டவணையிலோ இருப்பவை. காரை ஓட்டிப் பார்த்து எழுதும் உங்கள் செய்தியாளர் தயாரிப்பாளரிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
எஞ்சின் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்